இடுப்புப் பெட்டியும் ஒருபொழுதும்

செருப்பில் ஆணி துருத்திக்கொண்டிருந்தது என் மனைவிக்குத் தெரியவில்லை. எனக்குப் புரியாமல் போன முதல் விஷயம் அதுதான். பம்மலில் ஒரு பட்டறையில் செருப்புக்குத் தோல் வெட்டுகிறவன் நான். ஏழாவதோடு படிப்பை விட்டதிலிருந்து அதே வேலை. ஆணி எப்படிக் குத்தும் என்று என்னிடம் யாரும் சொல்லவேண்டியதில்லை. அவளோ அதை மாட்டிக்கொண்டு நாவலூருக்குப் போய், ஆபீஸ் கேன்டீனில் நாள் முழுக்க நின்று தோசை வார்த்துவிட்டு வந்திருக்கிறாள். வலிக்கவே இல்லையாம். விரல் கறுத்து, வாடை வந்த பிறகுதான் காட்டினாள்.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டரம்மா, "சர்க்கரை இருந்தா கால் மரத்துப்போகும், அதான் தெரியல" என்றார். சுண்டுவிரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் எடுத்தே ஆகவேண்டுமாம். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அடுத்துச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. சர்க்கரை ஒரு நிலைக்கு வந்தால்தான் கத்தி வைக்க முடியும். வராமல் நாள் தள்ளிப்போனால் கறுப்பு பாதத்துக்கு ஏறிவிடும். அப்புறம் பாதத்தையே எடுக்க வேண்டியதுதான்.

வார்டில் சேர்த்தும் சர்க்கரை நிலைக்கு வரவில்லை. காலையில் விரலில் குத்திப் பார்த்தால் எகிறிக் கிடக்கும். மருந்தைக் கூட்டிப் போடுவார்கள். மறுநாள் காலையில் இன்னும் எகிறியிருக்கும். தண்ணீர் ஊற்ற ஊற்ற அடுப்பு பெரிதாக எரிகிற மாதிரி இருந்தது எனக்கு.

அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. பேஜர் அளவுக்கு இருக்கும். வயிற்றில் மெல்லிய ஊசி ஒன்றைச் செருகி, அதிலிருந்து ஒரு வயரை இழுத்துப் பெட்டியோடு சேர்த்து, பெட்டியை இடுப்பில் கட்டினார்கள். சில நாள் இப்படியே இருக்கவேண்டும், சர்க்கரை எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று அது விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் என்றார் சிஸ்டர்.

நான் சும்மா இருப்பேனா? "ஷாக் அடிக்குமா சிஸ்டர்? செல்போன் அடிச்சா ஏதாவது ஆகுமா? புரண்டு படுத்தா ஊசி உள்ள போயிடுமா?"

"ஒண்ணும் ஆகாதுங்க. தண்ணி படாம பார்த்துக்கிட்டா போதும்."

"இப்ப எவ்வளவு காட்டுது?"

"நமக்குக் காட்டாது. கழட்டின பிறகு கம்ப்யூட்டர்ல மாட்டித்தான் பார்க்கணும்."

சர்க்கரை பார்க்கிற மெஷின், ஆனால் சர்க்கரையைக் காட்டாது. சரி, அதுதான் பார்க்கிறதே, விரலில் குத்துவதையாவது விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நாம குத்திப் பார்த்து இவ்வளவுன்னு சொன்னாத்தான் பெட்டிக்குக் கணக்கு புரியும்" என்றார் சிஸ்டர். நாம் சொல்லித்தான் அதற்குத் தெரியும் என்றால் அது நமக்கு என்ன சொல்லப்போகிறது? கேட்க வாயெடுத்தேன். ஏற்கெனவே ஐந்து கேள்வி கேட்டாயிற்று என்று அடக்கிக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் கோவளத்து அக்கா ஒருவர் இருந்தார். மீன் கூடையோடு பஸ்ஸிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். படுத்தபடியே வார்டு முழுவதையும் மேய்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னா தம்பி, உன் பொஞ்சாதி பெரிய ஆபீசராட்டம் பேஜரு கட்டிக்கினு கீறா! டாக்டரம்மாவே வந்து கும்புடு போட்டுட்டுப் போவாங்க போல!"

என் மனைவி சிரித்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

அது பெண்கள் வார்டு. சாயங்காலம் பெல் அடித்தால் ஆம்பிளைகள் வெளியே போய்விடவேண்டும். ராத்திரி சர்க்கரை ஊசி, ராத்திரி இட்லி எல்லாம் நான் போன பிறகுதான். காலையில் வரும்போது சிஸ்டர் அவளிடம், "நைட்டு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். "நாலு இட்லி" என்பாள். என்னிடம் வேறு ஒன்று சொன்னாள்: "ராத்திரி பொடவையெல்லாம் தொப்பலா நனஞ்சிடுதுய்யா. காத்தே வர்ல." ஃபேன் சரியில்லை என்று நினைத்து எலெக்ட்ரீஷியனைத் தேடி ஆஸ்பத்திரி முழுக்க அலைந்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான சுத்துது சார்" என்று போய்விட்டார். நன்றாகச் சுற்றுகிற ஃபேனுக்கு அடியில் ஒருத்திக்கு எப்படி வேர்க்கும்? அதையும் என் குழப்பங்களோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

பெட்டியைக் கழற்றிய மறுநாள் டாக்டரம்மா ஒரு காகிதத்தோடு கட்டிலுக்கு வந்தார். அதில் கோடுகள் மேலும் கீழும் போயிருந்தன. ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இது ராத்திரி. எல்லா நாளும் இந்த நேரத்துல சர்க்கரை பள்ளத்துல விழுந்திருக்கு. நாங்க குத்திப் பார்க்காத நேரம். அதனால எங்களுக்குத் தெரியல. ரொம்ப இறங்கினா வேர்த்துக் கொட்டும், உடம்பு பயந்துபோய் உள்ள இருக்கிற சர்க்கரையை எடுத்து வெளிய விடும். அதான் காலைல ஏறிக் கிடந்திருக்கணும். அதைப் பார்த்துட்டு நாங்க மருந்தைக் கூட்டிட்டோம்."

"அப்ப இவளுக்கு சர்க்கரை அதிகமா, கம்மியாம்மா?"

"கம்மியானதாலதான் அதிகமாச்சு."

தலையாட்டினேன். ஒரு எழுத்தும் ஏறவில்லை.

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "நாலு இட்லி சாப்பிட்டா இப்படி இறங்காதே. நிஜமா சாப்பிட்டீங்களா?"

அவள் போர்வை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அய்யோ, அந்த இட்லிய நான்தாம்மா துன்னேன்! பசிக்கலக்கா, நீ துன்னுன்னா. வீணாப் பூடுமேன்னு துன்னேன். அது மெஷின்ல தெரியும்னு நான் இன்னாத்தக் கண்டேன்?"

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஏம்மா சாப்பிடல?"

அவள் போர்வையை விட்டாள். "ஒருபொழுது இருக்கேம்மா. ஆத்தாவுக்கு வேண்டிக்கினேன். கால் பொழைக்கிற வரிக்கும் ராத்திரில வாயில ஒண்ணும் வெக்க மாட்டேன்னு."

காலுக்காகப் பட்டினி. பட்டினியால் சர்க்கரை பள்ளத்துக்கு. பள்ளத்தால் மேட்டுக்கு. மேட்டால் ஆபரேஷன் தள்ளி, கால் போகப்போகிறது. இது மட்டும் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

"ஊசி போட்டுட்டு வெறும் வயித்தோட படுத்தா உயிருக்கே ஆபத்து. இன்னைக்கு ராத்திரி கண்டிப்பா சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார்.

"வேண்டிக்கினத உட்டா காலு பூடும்" என்றாள் இவள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். சாப்பிடு என்று நான் சொல்லி, கால் போய்விட்டால்? சாப்பிடாதே என்று விட்டு, கால் போய்விட்டால்? கோடு போட்ட காகிதத்துக்குப் பயப்படுவதா, ஆத்தாவுக்குப் பயப்படுவதா? எனக்கு இரண்டுக்கும் பயம்தான்.

கோவளத்து அக்கா தொண்டையைச் செருமினார். "இன்னா தம்பி குந்திக்கினு கீற? எங்க ஊர்ல பொம்பளைக்கு முடியலைன்னா புருசன் அந்த வெரதத்த எடுத்துக்குவான். ஆத்தா ஒத்துக்குவா. அவளுக்கு எந்த வயிறு காஞ்சா இன்னா?"

இவள் சுவரிலிருந்து திரும்பினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இதுவா? பசி தாங்காதுக்கா இது. சோறு அஞ்சு நிமிசம் லேட்டானா வூட்டயே தூக்கிடும்."

"இருப்பேண்டி" என்றேன்.

"டீ?"

"டீயும் கிடையாது."

அன்று சாயங்காலம் பெல் அடித்த பிறகும் சிஸ்டர் என்னைக் கொஞ்ச நேரம் இருக்கவிட்டார். ஊசி போட்டார்கள். தட்டு வந்தது. அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் தலையாட்டினேன். கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்துவிட்டு முதல் வாயை வைத்தாள். கடைசித் துண்டு வரை பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனேன். வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

மருந்தைக் குறைத்தார்கள். அவளும் சாப்பிட்டாள். வேர்ப்பது நின்றது. காலையில் பார்க்கிற சர்க்கரை மெல்ல இறங்கியது. குறைத்ததால் குறைந்தது! இதை யாரிடம் சொன்னாலும் நான்தான் உளறுகிறேன் என்பார்கள்.

ஆபரேஷன் முடிந்து அவளை வார்டுக்குக் கொண்டுவந்தபோது மதியம். மயக்கம் தெளிந்ததும் போர்வைக்குள் பார்க்கப் பயந்து என்னைக் கேட்டாள்.

"பாதம் கீதாய்யா?"

"கீது. ரெண்டு விரல்தான்."

கோவளத்து அக்கா படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். இவள் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "பொட்டி காப்பாத்திச்சா, ஆத்தா காப்பாத்துனாளா?" என்றாள்.

"தெரியலடி."

"நீ ஒழுங்கா இருந்தியா?"

"இருந்தேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கால் பிழைக்கிற வரைக்கும் என்பதுதான் வேண்டுதல். கால் பிழைத்தது இன்றைக்கா, தையல் பிரிக்கிற அன்றைக்கா, அவள் எழுந்து நடக்கிற அன்றைக்கா? டாக்டரம்மாவிடம் கேட்கமுடியாது. அவளிடம் கேட்டால் நடக்கிற அன்றைக்குத்தான் என்பாள். சாயங்காலம் பெல் அடித்தது. அவளுடைய தட்டில் இட்லி வந்தது. அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை நின்றேன். அப்புறம் பசியோடு பம்மல் பஸ்ஸைப் பிடிக்கப் போனேன்.