சுள்ளிக்கலில் ஐந்தரை மணி

முப்பிடாதிக்கு மட்டாஞ்சேரியில் குடிநீர்க் குழாய்களின் வால்வைத் திறந்து மூடும் வேலை. அவருடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து கொச்சிக்குத் துப்புரவு வேலைக்கு வந்தவர். மகன் படித்தது மலையாளத்தில். தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி.

அவரைப் பார்த்தால் யாரும் சௌக்கியமா என்று கேட்க மாட்டார்கள். "வெள்ளம் எப்போ வரும்?" என்றுதான் கேட்பார்கள். அங்கே தண்ணீருக்கு அதுதான் பெயர். சொந்த மச்சினியின் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில்கூட ஒருவர் கேட்டார். இதற்கு ஒரு முடிவு கட்ட 2003இல் முப்பிடாதி ஒரு இணையதளம் தொடங்கினார்.

பஜார் பக்கம் பிரவுசிங் சென்டர் நடத்திய ஜிஷா அதற்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். பதினான்கு பகுதிகளுக்குப் பதினான்கு கோப்புகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் வரும் நேரத்தை மட்டும் அவர் அடிக்க வேண்டும். புரோகிராம் அவற்றை ஆங்கில எழுத்து வரிசையில் ஒவ்வொன்றாகப் படித்து, பகுதிக்கு ஒரு பக்கம் செய்து தரும். பக்கங்களைச் சர்வரில் ஏற்றினால் முடிந்தது.

அவருக்குத் தெரிந்த எவர் வீட்டிலும் அப்போது இணையம் இல்லை. தளத்தைப் பார்த்ததெல்லாம் வளைகுடாவில் இருந்த பிள்ளைகள்தான். அவர்கள் அங்கே பார்த்து, இங்கே போன் செய்து, பக்கெட் வைக்கச் சொன்னார்கள். முப்பிடாதிக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

மறு வருஷம் ஏப்ரலில் சுள்ளிக்கலில் குழாய் உடைந்தது. எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியாததால், சுள்ளிக்கல் கோப்பில் இருந்த நேரத்தை அழித்து வெறுமையாக விட்டு, பக்கங்களைச் சர்வரில் ஏற்றினார்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அவர் வீட்டு வாசலில் ஒரு உம்மா நின்றார். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் யூசுப்பின் தாய்.

"மோனே, அஞ்சரைக்கு வெள்ளம்னு யூசுப் விளிச்சு சொன்னான். ஆறு பக்கெட் வெச்சேன். காத்து மட்டும்தான் வந்தது."

"நான் அஞ்சரைன்னு எழுதவே இல்ல உம்மா."

"பின்னே யாரு எழுதினது?"

மனைவி கற்பகம் தன் வீட்டுத் தண்ணீரில் இரண்டு குடம் கொடுத்தாள். முப்பிடாதி அவற்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் உம்மா வீட்டில் இறக்கினார். வழியில் நாலு பேர் நேரம் கேட்டார்கள். அன்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

பிரவுசிங் சென்டரில் பார்த்தால், சுள்ளிக்கல் கோப்பு வெறுமையாக இருந்தது. ஆனால் தளத்தில் சுள்ளிக்கலுக்கு ஐந்தரை என்று இருந்தது.

"ரிஃப்ரெஷ் பண்ணுங்க சேட்டா," என்றாள் ஜிஷா. பண்ணினார். ஐந்தரை போகவில்லை. அவள் புரோகிராமை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தாள். "இதில குழப்பம் ஒண்ணும் இல்லையே."

"எங்கே கசியுதுன்னு தெரியலன்னா நாங்க பாதி லைனை அடைச்சுப் பார்ப்போம்," என்றார் முப்பிடாதி.

பாதிக் கோப்புகளை எடுத்து வைத்துவிட்டு ஓட்டினார்கள். ஐந்தரை இருந்தது. மறுபடி பாதி. அப்போதும் இருந்தது. கடைசியில் சேர்லாய், சுள்ளிக்கல் என்ற இரண்டு பகுதிகளின் கோப்புகள் மட்டும் மிஞ்சின. சேர்லாயை எடுத்ததும் சுள்ளிக்கல் பக்கம் வெறுமையானது. வரிசையில் முன்னால் இருப்பது சேர்லாய். அதன் நேரம் ஐந்தரை. அடுத்த கோப்பில் ஒன்றும் இல்லாவிட்டால் புரோகிராம் முந்தின கோப்பின் நேரத்தையே கையில் வைத்துக்கொண்டு நகர்ந்திருக்கிறது.

"என் தப்புதான் சேட்டா," என்றாள் ஜிஷா. இரண்டு வரி சேர்த்தாள். அதன் பிறகு வெறும் கோப்பைக் கண்டால் பக்கத்தில் 'நேரம் தெரியாது' என்று வந்தது.

இந்தச் செய்தி எப்படியோ அலுவலகத்துக்குப் போனது. என்ஜினீயர் கூப்பிட்டு விட்டார்.

"தெரியாதுன்னு எழுதலாமாடோ? ஆபீசுக்கு மோசம் இல்லையா?"

"அப்போ நேரம் சொல்லுங்க சார், எழுதிடறேன்."

என்ஜினீயர் மேசை மேலிருந்த பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து மூடினார். "அதே இருக்கட்டும்," என்றார்.

பதினோரு நாள் அதே இருந்தது. பதினோரு நாளும் முப்பிடாதி வேலை முடிந்ததும் உம்மாவுக்கு இரண்டு குடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் குழாய் சரியாகி, அவரே வால்வைத் திறந்தார். சாப்பிடப் போகாமல் நேராக ஜிஷாவிடம் போய்ப் புது நேரத்தை ஏற்றினார். அரை மணி நேரத்தில் ஷார்ஜாவிலிருந்து யூசுப் தாய்க்கு போன் செய்தான்.

"தெரியும்டா," என்று உம்மா போனை வைத்தார். நாலாவது பக்கெட் நிறைந்துகொண்டிருந்தது.