பருவம் தப்பிய சிவப்பு

கல்லூரியின் விலங்கியல் கட்டடத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட கூடத்தில்தான் அவளுக்கு வேலை. கூண்டு கழுவ வேண்டும், கரப்பான் பிடித்துப் போட வேண்டும், ஓணான்கள் நக்கிக் குடிக்க இலைமேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். மாணவர்கள் அவளுக்கு ஓணான் அக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். முதலில் முகம் சுளித்தவள், போகப்போக, "வயசானா முதலையாயிடுவேன், பாத்து நடந்துக்கங்க" என்று திருப்பிக் கொடுக்கப் பழகிக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஆண் ஓணான்கள் நிறம் வெளுத்து, எதிலும் ஒட்டாமல் மூலைக்கொன்றாகக் கிடந்தன. இணை சேரும் காலம் வர இன்னும் வெகுநாள் இருந்தது. அப்போதுதான் ஆராய்ச்சி செய்யும் பெண் அவற்றுக்கு ஊசி போட ஆரம்பித்தாள்.

"என்ன மருந்தும்மா இது?"

"மருந்தில்லக்கா, அமினோ அமிலம். பருப்புல, முட்டையில புரதம் இருக்குல்ல, அது இந்த மாதிரி துணுக்குங்க சேந்ததுதான். இதுக்கு அஸ்பார்ட்டிக் அமிலம்னு பேரு. ஆனா இது வழக்கமான வடிவம் இல்ல, அதையே கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பின வடிவம். உடம்புலயே கொஞ்சம் இருக்கும். மூளையிலயும் விரையிலயும் வேலை செஞ்சு ஆண் ஹார்மோனை ஏத்தி விடுதான்னு பாக்கறோம்."

"பருவம் வராமயேவா?"

"வராமயே."

சில நாளிலேயே வித்தியாசம் தெரிந்தது. ஊசி போட்டவற்றின் தொண்டை குங்குமமாய்ச் சிவந்தது. முன்னங்காலை ஊன்றி எழும்பித் தலையைத் தலையை ஆட்டின. எதிரே பெண்ணும் இல்லை, போட்டிக்கு ஆணும் இல்லை. கூண்டின் கண்ணாடியைப் பார்த்தே மார்தட்டின. அவள் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்புறம் இரத்தம் எடுப்பார்கள், அறுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றையும் பிடித்துக் கொடுப்பது அவள் கைதான்.

ஒருநாள் கூண்டு கழுவும்போது ஒன்று கைநழுவி ஓடிவிட்டது. கூடத்தையே புரட்டிப் போட்டுத் தேடியும் அகப்படவில்லை. "விடுங்கக்கா, கூரை இடுக்கு வழியா போயிருக்கும்" என்றாள் ஆராய்ச்சிப் பெண். ஓணான் அக்கா ஆணியில் மாட்டியிருந்த தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். வீட்டில் அந்தப் பையை எப்போதும் போல் மகனுடைய அறைக் கதவின் கைப்பிடியில் மாட்டினாள்.

அந்த அறை பூட்டியே கிடந்தது. மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனவன் அவன். புயலுக்குப் பிறகு படகின் பலகைகள் கரை ஒதுங்கின, அவன் ஒதுங்கவில்லை. அன்றைக்கே அவள் கணவர் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லாரி ஓட்டி ஊரெல்லாம் சுற்றிய மனிதர், அதற்கப்புறம் தெருமுனையைத் தாண்டவில்லை.

மறுநாள் காலை அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் பழைய தெளிவு.

"இன்னொரு தட்டு எடுத்து வை."

"யாருக்குங்க?"

"உள்ள சத்தம் கேக்குது. வந்துட்டான்."

"எலியா இருக்கும்."

"எலி சத்தம் எனக்குத் தெரியாதா?"

அவள் போய்க் கதவில் காதை வைத்தாள். சரக், சரக். சற்று ஓய்ந்து மறுபடியும் சரக். படுத்துக்கொண்டே நகத்தால் சுவரைச் சுரண்டுவது மகனின் பழக்கம். திட்டித் திட்டி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். உள்ளே அவன் இருப்பானோ என்று அவள் பயப்படவில்லை. கதவைத் திறந்தால் அவன் இருக்கமாட்டானே என்றுதான் பயந்தாள். தட்டை எடுத்து வைத்தாள். சோறு ஆறிக் காய்ந்தது. அடுத்த நாளும் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பிறகு அவர் முன்னால் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க."

"திறந்தா போயிடுவான்."

"போகட்டுங்க. ஒரு தடவை பாத்துக்கறேன்."

அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவரே எழுந்து பூட்டைத் திறந்தார்.

புழுதி வாடை முகத்தில் அடித்தது. படுக்கை, கயிற்றில் சட்டைகள், ஆள் மட்டும் இல்லை. அலமாரிக் கண்ணாடியின் சட்டத்தில் ஓணான் ஒன்று தொற்றியிருந்தது. அவளுடைய பையில் ஏறி வந்து, கதவடி இடுக்கில் நுழைந்திருக்க வேண்டும். தொண்டை செக்கச் சிவந்திருந்தது. கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுவதும், நகத்தால் கண்ணாடியைப் பிறாண்டுவதுமாக இருந்தது.

அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் குளிர்ல ஏன் இப்படிச் சிவந்து நிக்குது?"

"எங்க கூண்டுலேருந்து வந்ததுங்க. காலம் வந்துடுச்சுன்னு ஊசி போட்டு நம்ப வச்சிருக்கோம்."

"அதுவும் நம்பிடுச்சு" என்றார் அவர்.

அவள் திங்கட்கிழமை ஆராய்ச்சிப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னாள். "இனி அதைக் கணக்குல சேக்க முடியாதுக்கா. நீங்களே எங்கயாவது விட்டுடுங்க" என்றாள் அந்தப் பெண். விடுகிற வேலையைக் கணவர் ஏற்றுக்கொண்டார். சன்னலைத் திறந்துவைத்து, கட்டிலில் உட்கார்ந்து அதைக் காவல் காத்தார். ஊசி நின்றுபோனதால் சிவப்பு நாளுக்கு நாள் வடிந்தது. செங்கல் நிறம், அப்புறம் மண் நிறம். தலையாட்டுவதை நிறுத்தியது. ஒருநாள் வெயில் காய சன்னலுக்கு வெளியே போனது, திரும்பி வரவில்லை.

அவள் மறுபடியும் கூண்டு கழுவினாள், பிடித்துக் கொடுத்தாள். சிவந்த தொண்டை உள்ளங்கையில் துடிக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முயல்கள் இருக்கும் பக்கம் மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள், பார்க்கலாம் என்றார்கள்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து தெருவில் திரும்பியவள் நின்றுவிட்டாள். வீட்டு வாசல் கொடியில் மகனுடைய நீலச்சட்டை, காற்றை உள்வாங்கிப் புடைத்து, ஒரு கையை அவளைப் பார்த்து உயர்த்தியது. பக்கத்தில் அவனுடைய மற்றச் சட்டைகளும் சொட்டிக்கொண்டிருந்தன. கணவர் அத்தனையையும் துவைத்துப் போட்டிருந்தார்.

அவள் பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டையின் கை இறங்கியது, மறுபடி எழுந்தது. காற்று ஓயட்டும் என்று காத்திருந்தாள். பிறகு போய், ஈரம் காயாத அந்தச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து, கைகளை உள்பக்கமாக மடித்து வைத்தாள்.