ஞானபாக்கியம் அம்மாள் சொல்லாமல் விட்ட அதிகாரம்

பள்ளியில் பாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது நம் ஆலயத்தில் மணியடிக்கும் கோயில்பிள்ளை வாசலில் வந்து நின்றார். பட்டப்பகலில் மணிக்கூண்டை விட்டுப் பள்ளிப்பக்கம் வருகிறவர் அல்ல அவர். பிள்ளைகள் தாமாகவே பாட்டை நிறுத்திவிட்டார்கள். "டீச்சரம்மா, கிள்ளான் ரயில்ல ஆள் வந்திருக்கு. ஞானபாக்கியம்மா காலையில போயிட்டாங்களாம். சாயங்காலமே எடுக்கிறாங்க," என்றார். வரும் சனிக்கிழமை அவரைப் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அவருக்குப் பிடித்த நாரத்தங்காய் ஊறுகாயைக்கூடப் போட்டு வைத்திருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் சபையில் அவரை அறியாதவர்கள் இல்லை. ஆனாலும் புதிதாக வந்திருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கணவரோடு கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தவர். கணவர் கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர். அவர் மலேரியாவில் இறந்த பிறகு இவர் ஊருக்குத் திரும்பாமல், சபையின் பைபிள் அம்மாவாக இங்கேயே தங்கிவிட்டார். ரயிலில் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து மாட்டுவண்டியிலோ சம்பான் படகிலோ தோட்டங்களுக்குப் போவார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசல்களில் உட்கார்ந்து, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு வேதம் வாசித்து விளக்குவார். பள்ளி விடுமுறைகளில் நானும் கூடப் போவேன். வயதில் அவருக்கு நான் தங்கை மாதிரி. கூப்பிடுவதும் "தங்கச்சி" என்றுதான்.

அந்தத் தோட்டங்களில் ஒன்றில் செல்லாயி என்ற பெண் இருந்தாள். ரப்பர்பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவள். தானும் தன் கைக்குழந்தையும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று அவளாகவே வந்து கேட்டாள். ஞானஸ்நானம் கொடுக்க வேண்டிய சபைப் போதகர் ஐயர் அந்தத் தோட்டத்துக்கு மாதம் ஒருமுறைதான் வருவார். அந்த முறை அவர் வந்திருந்தபோது குழந்தையின் கழுத்தில் தாயத்து கிடந்தது. மாமியார் கட்டியது. ஞானபாக்கியம் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "இத கழட்டிட்டு வா தாயி. அடுத்த மாசம் ஐயர் வரும்போது ஆகட்டும்," என்றார். அந்த நாட்களில் அவர் மிகவும் கண்டிப்பானவர். பழையதை விடாமல் புதியதைத் தொடக் கூடாது என்பது அவருடைய பாடம்.

செல்லாயி மாமியாரோடு சண்டை போட்டுத் தாயத்தைக் கழற்றினாள். அடுத்த முறை ஐயர் வருவதற்குள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது செல்லாயி அழவில்லை. ஞானபாக்கியம் அம்மாளை நிமிர்ந்து பார்த்து, "கழுத்துல கெடந்தத எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். தலையில தண்ணி ஊத்தல. எம்புள்ள ரெண்டும் இல்லாமப் போச்சு," என்றாள்.

தோட்டத்துச் சிற்றாலயத்தை ஒட்டி நம்முடைய கல்லறை நிலம் இருந்தது. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு அங்கே இடமில்லை, ஜெபமும் கூடாது என்று தோட்டத்துச் சபைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வேலிக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே குழி தோண்டினார்கள். ஞானபாக்கியம் அம்மாள் அந்தக் குழியருகே மண்ணில் முழங்காலிட்டு, பெரியவர்களுக்குச் சொல்லும் அடக்க ஜெபத்தை முழுவதுமாகச் சொன்னார்.

செய்தி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சேர்ந்தது. சபை மூப்பர்கள் அவரை அழைத்து விசாரித்தார்கள். நானும் துணைக்குப் போயிருந்தேன். மூத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்தவர். கடுமையான மனிதர் அல்ல. "மனுசர் எல்லாரும் பாவத்திலதானே பிறக்கினம் அம்மா. அதைக் கழுவாமல் எப்பிடி?" என்று பொறுமையாகத்தான் கேட்டார்.

அம்மாள் எழுந்து நின்று சொன்ன பதில் எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

"ஐயா, நீங்க வேதத்தோட முதல் புஸ்தகத்த மூணாம் அதிகாரத்துல இருந்து வாசிக்கத் தொடங்குதீங்க. விலக்கின கனிய தின்னு மனுஷன் விழுந்தது அங்கதான் இருக்கு. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா வேதம் அங்க தொடங்கல. ஒண்ணாம் அதிகாரத்துல, அவன் நல்லதோ கெட்டதோ ஒண்ணுமே செய்யுததுக்கு முன்னால, கடவுள் தன் சாயல அவனுக்குக் குடுத்துட்டாரு. பார்த்து, நல்லாருக்குன்னும் சொல்லிட்டாரு. அந்தப் பிள்ளையும் ஒண்ணும் செய்யல."

உட்காரப் போனவர் மறுபடியும் தொடர்ந்தார். "இத்தன வருஷமா நானும் உங்கள மாதிரிதான் வாசிச்சேன். அதனாலதான் கழட்டிட்டு வான்னு சொன்னேன். பிள்ள கழுத்தப் பார்த்தேன். முகத்தப் பாக்கல."

மூப்பர் தீர்ப்பு மாதிரி இல்லாமல், கேட்டுக்கொள்கிற மாதிரி சொன்னார். "நீங்கள் தோட்டங்களுக்குப் போங்கோ. வேதத்தை வாசியுங்கோ. விளக்கம் மட்டும் சொல்ல வேண்டாம்."

அவர் அதற்குக் கீழ்ப்படிந்தார். வேலையை உதறிவிடுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அதற்குப் பின் எத்தனையோ வருடங்கள் அவர் வேதத்தை வாசிக்க மட்டுமே செய்தார். ஒரு வசனத்தை வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அந்த அமைதியில் பெண்கள் தாங்களாகவே பேசத் தொடங்குவார்கள். "அப்ப என்னையும் பார்த்து நல்லாருக்குன்னு சொன்னாராம்மா?" என்று ஒரு கிழவி கேட்டது நினைவிருக்கிறது. அவர் அந்த வசனத்தையே இன்னொரு தடவை வாசித்தார்.

தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் செல்லாயியின் லயத்து வாசலில் போய் நிற்பார். அவள் உள்ளே போய்விடுவாள். ஒரு முறை அவள் போகாமல் நின்றாள். "தப்பு எம்மேலதான் தாயி," என்றார் அம்மாள். "தெரியும்," என்றாள் செல்லாயி. அவ்வளவுதான். மன்னித்தேன் என்றோ இல்லையென்றோ அவள் சொல்லவில்லை. அவள் ஆலயத்துக்கு வரவுமில்லை. திரும்பி வரும் வண்டியில் நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். "வேண்டாம் தங்கச்சி. அவ கோவத்துல ஒரு நியாயம் இருக்கு. அத எடுத்துக்கிட்டா அவகிட்ட என்ன மிஞ்சும்?" என்றார்.

ஆராதனையைப் பற்றி அவர் எண்ணம் மாறியது அந்த வருடங்களில்தான். முன்பெல்லாம் குளித்து, வெள்ளை உடுத்தி, தலைவாரி வரச் சொல்வார். பிறகு ரப்பர்பால் வாடை வீசும் உடுப்போடு நேரே காட்டிலிருந்து வருகிறவர்களை முன்வரிசையில் உட்காரவைத்தார். திருநீறு பூசிய நெற்றியோடு வந்து நின்ற பெண்களையும் ஒன்றும் சொல்லவில்லை. கிள்ளானில் ஒருவர் அதைக் குறைசொன்னபோது, "ஆராதனைன்னா கடவுள் பார்வையில போய் நிக்கறது. அவரு பார்த்துக்கிடட்டும். நாம எதுக்கு வாசல்லயே மறிச்சுப் பாக்கணும்?" என்றார். அதை விளக்கம் என்று எடுத்துக்கொள்ளாமல் விட்டார்கள்.

பழைய மூப்பர் ஓய்வுபெற்று யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போனார். புதிய ஐயர் வந்தார். நடந்ததை நான்தான் அவரிடம் சொன்னேன். உடனே தடையை நீக்கி, அறுப்பின் பண்டிகையன்று பெண்களுக்கு ஞானபாக்கியம் அம்மாளே பிரசங்கச் செய்தி கொடுக்க வேண்டும் என்று ஐயர் கேட்டுக்கொண்டார். சபையில் பலருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அதற்குள் அவருக்கு நெஞ்சுச்சளி முற்றியிருந்தது. பண்டிகையன்று, கடைசி வருடங்களில் தங்கியிருந்த கிள்ளானிலிருந்து அவரால் கிளம்ப முடியவில்லை. இன்னும் ஓர் ஆண்டு முன்னால் யாராவது கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அந்த ஓர் ஆண்டை நினைக்கும்போது நம் சபையில் யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது என்று நினைக்கிறேன்.

பண்டிகை முடிந்து நான் அவரைப் பார்க்கப் போனேன். தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "என்ன பேசலாம்னு வச்சிருந்தீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணாம் அதிகாரத்த சொல்லிட்டேன். மூணாம் அதிகாரம் எல்லாருக்கும் தெரியும்," என்றார். "நடுவுல ரெண்டு இருக்குல்லா. மண்ண எடுத்து உருவாக்கி மூச்சு ஊதினது. அதத்தான் பேசணும்னு இருந்தேன். சாயல் மட்டும் இல்ல தங்கச்சி, மண்ணும்..." இருமல் வந்துவிட்டது. வெந்நீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "அடுத்த வாட்டி வரும்போது சொல்லுதேன். கொஞ்சம் பெரிய விஷயம்," என்றார்.

அடக்கத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்துப் பெண்கள் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார்கள். செல்லாயி வரவில்லை. ஐயர் நன்றாகப் பேசினார். ஆனால் அந்தப் பெண்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் அவர் நிறுத்துவார் என்று காத்திருந்ததையும், அவர் நிறுத்தாமல் போனதையும் நான் பார்த்தேன்.

வரும் ஞாயிறு முதல் பெண்கள் கூட்டத்தை நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வசனத்துக்குப் பின் முகங்களைப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். வருகிறவர்களை வாசலில் மறிக்காத மனதையும் கேட்டு வாங்கியதாக வைத்துக்கொள்கிறேன். மற்ற அதிகாரங்களுக்கெல்லாம் எனக்குத் தெரிந்த விளக்கத்தைச் சொல்வேன். இரண்டாம் அதிகாரத்தை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அதற்கு என்னிடமும் சில கருத்துகள் உண்டு. ஆனால் அந்த மண்ணைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியாது.