வண்டியைத் தின்ற கெடா

இது நடந்தது ரெண்டாயிரத்து நாலிலோ ஐந்திலோ. சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்தில் குடியிருந்தோம். கல்யாணமாகிக் கொஞ்ச வருசம்தான் ஆகியிருந்தது. அவர் அச்சாபீசுகளுக்குப் பேப்பர் லோடு அடிக்கிற ஆட்டோ ஓட்டினார். நான் எட்டாவது பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். வீட்டில் இருந்தபடியே வெடிக் கம்பெனிக்குப் பேப்பர்க் குழாய் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குப் பயம் ஜாஸ்தி. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வந்து படுத்தால், மூடினது நிஜம்தானா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். அவர் வரக் கொஞ்சம் தாமதமானால் மனசுக்குள்ளேயே பெரியாஸ்பத்திரி வரைக்கும் போய் அழுதுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். பட்டாசு ஊரில் பிறந்தவர்களுக்குக் கொஞ்சம் பயம் இருக்கத்தான் செய்யும். எனக்கு மட்டும் தெருவில் எல்லோருடைய பங்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டவளுடைய வாசலில், ஒரு மத்தியானம், டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டுவந்து ஒரு ஜீப்பை நிறுத்தினார் என் வீட்டுக்காரர்.

ஜீப் என்று அவர்தான் சொன்னார். பார்த்தால் அப்படித் தெரியவில்லை. சாத்தூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு கல்குவாரியில் வெயிலிலும் மழையிலும் வருசக்கணக்காகக் கிடந்ததாம். பழைய இரும்புக்காரர் உடைக்க எடுத்ததை இவர் கெஞ்சி வாங்கியிருக்கிறார். லைட் இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு குழி. தொட்ட இடமெல்லாம் துரு அப்பளம் மாதிரி பொரிந்து உதிர்ந்தது. அடித்தகட்டில் இருந்த ஓட்டை வழியாக ஒரு ஆமணக்குச் செடி முளைத்து, வேரோடு பிடுங்கிக்கொண்டு, டிரைவர் சீட்டில் சாய்ந்தபடி வந்து சேர்ந்திருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, டிரைவரையும் சேத்தே வாங்கிட்டு வந்துட்டீகளா?" என்று அந்தச் செடியைக் காட்டிக் கேட்டார்.

சின்ன வயசில் மலை எஸ்டேட்டுக்குப் போகிற ஜீப்புக்குப் பின்னால் புழுதியில் ஓடியிருக்கிறாராம் இவர். அன்றைக்கே மனசில் விழுந்த ஆசை. எனக்கோ, துருவைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வந்தது தடுப்பூசி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருதுநகரிலிருந்து என் நாத்தனாரும் அவர் வீட்டுக்கார அண்ணனும் வந்தார்கள். அண்ணனுக்குப் பெரிய மீசை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, மீசையைத் தடவிக்கொண்டு, "மாப்ள, வாற பங்குனியில மாரியம்மன் பொங்கலுக்கு இந்த வண்டியில நீ விருதுநகர் வந்து எறங்கிட்டா இந்த மீசைய எடுத்துர்றேன்" என்றார். இவருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "கத்தி தீட்டி வைங்க அத்தான். தெருப் புள்ளைகளயும் ஏத்திக்கிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டார். தெருவே கேட்டுக்கொண்டு நின்றது. அதற்கப்புறம் அது வண்டி வேலை இல்லை, மானப் பிரச்சினை.

நானும் சேர்ந்து செய்வேன் என்று நினைக்கவே இல்லை. குழாய் சுற்றி முடித்த கையோடு, சும்மா பக்கத்தில் போய் நின்றேன். நின்றவள் கையில் உப்புத்தாளைக் கொடுத்துவிட்டார். தேய்க்கத் தேய்க்க, செங்கல் நிறத்துக்கு அடியிலிருந்து ஒரு இடத்தில் பச்சைப் பெயிண்ட் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், எனக்கும் பிடித்துக்கொண்டது. வாய்க்காமல் போன தோழி ஒருத்தியோடு உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும் அந்த வேலை. துருவேறிய போல்ட்டுகளை டீசலில் ஊறப்போடுவதும், பழந்துணியில் துடைத்து வரிசையாக அடுக்குவதும் என் பொறுப்பு.

ஆனால் என் பயமும் கூடவே உட்கார்ந்திருந்தது. வெடிக் கம்பெனிகளில் இரும்பை இரும்பால் அடிக்க மாட்டார்கள். பொறி பறந்தால் என்ன ஆகும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சோளக்காடு தாண்டினால் கம்பெனி ஷெட். அதனால் இவர் சுத்தியலை எடுத்தாலே நான் மரக்கட்டையை நீட்டுவேன். பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஒரு ஈரச் சாக்கும் எப்போதும் இருக்கும். "நீ வண்டி வேலைக்கு வந்தியா, தீயணைப்புக்கு வந்தியா?" என்பார்.

ஒருநாள் இஞ்சின் உயிர் பிடித்தது. அவர் முன்னால் நின்று கைப்பிடியைப் போட்டுச் சுற்ற, நான் உள்ளே உட்கார்ந்து அவர் சொன்னதை மிதித்துக்கொண்டிருந்தேன். இருமியது, குலுங்கியது, பிறகு சைலன்ஸர் வழியாக 'டமார்' என்று ஒரு வெடி போட்டது பாருங்கள்! வேறு ஊராக இருந்தால் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கள் ஊரில் கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். வரப்பைத் தாண்டி மூச்சிரைக்க வந்த போர்மேன், புகைக்கு நடுவில் நின்று கும்பிட்ட இவரைப் பார்த்ததும் திட்டித் தீர்த்துவிட்டார். "ஏலே, உசுரு போயி உசுரு வந்துச்சுலே! இனிமே இதத் தொடணும்னா பொட்டலுக்குத் தள்ளிட்டுப் போயித் தொடு!"

அன்றிலிருந்து ஸ்டார்ட் பண்ண வேண்டுமென்றால் ரெண்டு பேரும் தூரத்துப் பொட்டல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவோம். போகும்போது தள்ளுவோம், திரும்பும்போது ஓட்டிக்கொண்டு வருவோம். ஊருக்கே சிரிப்பு.

பொங்கல் நெருங்கிவிட்டது. பெயிண்ட் அடித்தாயிற்று, லைட் வந்தாயிற்று. பின்பக்கம் பிள்ளைகள் உட்காரப் பலகை போட்டாயிற்று. முன்னால் நான் உட்காருகிற இடத்தில், காலடித் தகட்டில் மட்டும் ஓட்டைகள். வெல்டிங் வைக்க வேண்டும். கம்பெனிக்குப் பக்கத்தில் யாரும் வெல்டிங் வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது. திருத்தங்கல் ரோட்டில் இருந்த வெல்டிங் கடைக்காரரோ பொங்கல் கழித்துத்தான் முடியும் என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "நான் சுத்துற குழாய் காஞ்சா எப்படி இருக்கும்? மேல ஏறி நின்னாலும் நசுங்காதுல்ல? அதே பேப்பர், அதே பசை. அடுக்கடுக்கா ஒட்டுவோம். வெல்டிங் வைக்கிற வரைக்கும் என் காலைத் தாங்காதா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை.

மைதாவைக் காய்ச்சி, பழைய காலண்டர் அட்டையும் பழுப்புத் தாளுமாக அடுக்கி ஒட்டினேன். வெயிலில் காய்ந்து பலகை மாதிரி ஆகிவிட்டது. தட்டினால் 'டொக்' என்றது. பொங்கலன்று காலையில் மேலே ரப்பர் பாய் விரித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒன்றே ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. நாங்கள் குழாய்க்குக் காய்ச்சுகிற பசையில் மயில்துத்தம் கலப்போம். பூச்சி, எலி எதுவும் பேப்பரை அண்டாது. ஆனால் அது விஷம். பிள்ளைகள் ஏறி இறங்குகிற வண்டி, கையை வைத்துவிட்டு வாயில் வைத்தால் என்ன ஆவது என்று எனக்குப் பயம். போடாமல் விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு முந்தின சாயங்காலம் கடைசி வேலையாகப் பிரேக். புது ஆயில் ஊற்றி, நான் மிதிக்க, அவர் ஒவ்வொரு சக்கரமாகப் போய்ப் பிரேக் குழாயில் இருந்த காற்றை எடுத்தார். "மிதி... பிடி... விடு..." என்று அவர் சொல்லச் சொல்ல மிதித்தேன். தள்ளிவிட்டு மிதித்துப் பார்த்தால், நின்றது வண்டி. ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

விடிந்தது. தெருப் பிள்ளைகள் பவுடர் பூசி, புதுச் சட்டையோடு வரிசையில் நிற்கின்றன. பாயை விரிக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

வண்டிக்குள் ஒரு கெடா. பக்கத்து வீட்டு அக்கா மாரியாத்தாளுக்கு நேர்ந்துவிட்டிருந்த கெடா. கழுத்தில் மாலை, வாயில் என் காலண்டர். தரையில் நான் ஒட்டின இடத்தில் ஓட்டை மட்டும்தான் பாக்கி இருந்தது.

"அக்கா! ஒங்க கெடா எங்க வண்டியத் தின்னுருச்சு!" என்று கத்தினேன்.

அக்கா ஓடிவந்து நெஞ்சில் அடித்துக்கொண்டார். "அடியே, பசையில துத்தம்ல கலப்பீக? ஆத்தாளுக்கு நேந்ததுடி, செத்துப் போயிருமே!"

"இல்லக்கா, நான் துத்தம் போடல."

"போடலயா?" என்று திரும்பினார் இவர். அதுவரை அடக்கிவைத்த கோபமெல்லாம் வந்துவிட்டது. "ஒரு சிட்டிக போட்டிருந்தா இது மோந்துட்டுப் போயிருக்கும்ல? எதுக்கெடுத்தாலும் பயம். ஒன் பயத்தாலதான் எல்லாம் போச்சு." அதற்கு முந்தி அத்தனை பேர் முன்னால் அவர் என்னை அப்படிப் பேசியதே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு அவரே, "சரி விடு. ஒரு பலகையப் போட்டு மூடு. கெளம்புவோம்" என்றார். அக்கா கெடாவை இழுத்துக்கொண்டு போக, பிள்ளைகள் பின்னால் ஏறிக்கொண்டன. நான் பலகையை எடுத்துக்கொண்டு குனிந்தேன். ஓட்டை வழியாகக் கீழே பார்த்தால், ஒரு மெல்லிய குழாயின் அடியில் ஒரு சொட்டு, விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, கீழ என்னமோ ஈரமா இருக்கு."

"ஆடு நின்ன எடத்துல வேற என்ன இருக்கும்?" என்றார். பிள்ளைகள் எல்லாம் கெக்கெக்கே என்று சிரித்தன.

கையை விட்டுத் தொட்டேன். விரலில் வைத்துத் தேய்த்தால் வழுக்கியது. முகர்ந்தேன். முந்தின நாள் சாயங்காலம் முழுக்க மூக்கில் இருந்த அதே வாடை. "இது பிரேக் ஆயில்ங்க."

"நேத்து ஊத்தும்போது வழிஞ்சிருக்கும். ஏறு, நேரமாச்சு."

"ஒரு தடவ மிதிச்சுக் காட்டுங்க. அதுக்கப்புறம் விருதுநகர் போற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

நான் வாய் திறக்காமல் வருவது அவருக்குப் பெரிய லாபம். ஏறி உட்கார்ந்து ஓங்கி மிதித்தார். பெடல் கெட்டியாக நின்றது. "பாத்தியா?" என்றார். இன்னொரு மிதி. மூன்றாவது மிதியில் 'சர்ர்' என்று ஒரு சத்தம். ஓட்டை வழியாகப் பீய்ச்சி, என் புதுச்சேலை முழுக்க ஆயில். அவர் கால், பிடிக்க ஒன்றுமில்லாமல், தரை வரைக்கும் போய்விட்டது.

மேலே கறுப்பு அடித்திருந்ததால் தெரியவில்லை. உள்ளே அந்தக் குழாயையும் துரு தாள் மாதிரி தின்று வைத்திருந்தது. பேப்பர் மூடியிருந்தவரை யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கும்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் தரையோடு கிடந்த பெடலிலிருந்து காலை மெல்லத் தூக்கினார். அப்புறம் சாவியை எடுத்தார். பின்னால் பலகையில் நெருக்கி உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக அவரே தூக்கி இறக்கிவிட்டார். "பஸ்ல போவோம்" என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போனோம். திருத்தங்கல் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. முன்னால் லாரிகள், பக்கத்தில் சைக்கிள்கள், ஆட்கள். மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் பக்கம் குனிந்து, "இந்த எடத்துல மிதிச்சிருப்பேன்" என்றார். நான்தான் வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேனே.

விருதுநகரில் அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், மீசையை முறுக்கியபடி. "என்ன மாப்ள, வண்டி எங்க?"

"ஆடு தின்னுருச்சு அத்தான்."

அந்தப் பொங்கல் முழுக்க அந்த வீட்டில் சிரிப்புதான். சொல்லச் சொன்னவர்களுக்கெல்லாம் இவரே உட்கார்ந்து கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் துத்தம் போடாத இடம் வரும்போது என்னைப் பார்த்து, "இவ பயந்தது நல்லதாப் போச்சு" என்று சேர்த்துக்கொண்டார். எல்லோர் முன்னாலும் திட்டினதற்கு எல்லோர் முன்னாலும் பதில். அவர் கணக்கு அப்படி.

கெடாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. "காலண்டர் தின்ன கெடாவ ஆத்தாளுக்கு எப்படிடி குடுக்க?" என்று அக்கா அந்த வருசம் சேவலோடு முடித்துக்கொண்டார். ஆத்தாளிடம் ஒரு வருசம் தவணை வாங்கினார். அடுத்த வருசம் என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அந்த வீட்டு விருந்தில் நான் மட்டும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

பொங்கல் கழிந்ததும் வண்டியை மறுபடி டிராக்டரில் கட்டி வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனோம். பிரேக் குழாய் ஒன்றுவிடாமல் புதுசு. ஆர்.சி., இன்சூரன்ஸ் பேப்பரெல்லாம் சரிபண்ணி, ஒரு நல்ல நாளில் விருதுநகர் போய் இறங்கினோம். அண்ணன் மீசையைக் கையால் மூடிக்கொண்டு, "பொங்கலுக்குன்னுதான் சொன்னேன், இப்ப செல்லாது" என்று வீட்டுக்குள் ஓடிவிட்டார். பிறகு அவர்தான் முதல் ஆளாக முன்சீட்டில் ஏறி ஊரைச் சுற்றி வந்தார்.

அந்த முன்சீட்டின் காலடியில் இப்போது நல்ல கனமான தகடு இருக்கிறது. ஆனால் முழுசாக மூடவில்லை. கெடா தின்ற அதே இடத்தில் கீல் வைத்த சின்ன மூடி ஒன்று உண்டு. இப்படி எதற்கு என்று வெல்டிங்காரர் கேட்டதற்கு, "எங்க வீட்டுல பாக்கணும்ல" என்று இவர் சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் கிளம்புவதற்கு முன்னால் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார். நான் குனிந்து, மூடியைத் திறந்து பார்த்து, "ம், போகலாம்" என்று சொன்ன பிறகுதான் வண்டி நகரும். பயந்தாங்கொள்ளி என்று என்னைச் சிரிக்காதவர்கள் ஊரில் குறைவு; ஆனால் என் பயத்துக்கென்று இரும்பை வெட்டி ஒரு கதவு வைத்துக் கொடுத்த மனுசனோடு வாழ்கிறேன் என்று, அந்த மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் மனசு நிறைந்துபோகிறது.