மதாம் வீட்டு டென்னிஸும் நான்கு வில்லன்களும்

எனக்குப் பிடித்த வீடியோ ஆட்டம் மூன்று. பிடித்த வில்லன்கள் நான்கு பேர். ஆட்டங்களின் பெயர் எனக்குத் தெரியாது. பெட்டிகளின் மேல் பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் போட்டிருந்தது. வில்லன்கள் வந்த படங்களின் பெயரும் மறந்துவிட்டது. அவர்கள் செய்த வேலை மட்டும் மறக்கவில்லை. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். இதை எழுத அது போதும்.

மூன்றாவது இடம் கார் ஆட்டத்துக்கு. எண்பதுகளின் கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் காசு போட்டு ஆடும் பெட்டிகள் வைத்தார்கள். உள்ளே எல்லாம் காலேஜ் பையன்கள். நான் காய்கறிக் கூடையோடு போய் நின்றேன்.

"அக்கா, ரேஷன் கடை அடுத்த சந்து" என்றான் ஒருவன்.

"தெரியும். நீ எந்திரி."

"ஸ்டியரிங் புடிக்கணும்க்கா. அம்மிக் குழவி இல்ல இது."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் எழுந்தான். நான் உட்கார்ந்து அவனுடைய ஸ்கோரைத் தாண்டினேன். சிரிப்பு நின்றது. அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுத்தான் கூடையை எடுத்தேன். அந்த முகத்துக்காகத்தான் கார் ஆட்டம் மூன்றாவது. மற்றபடி அதில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது துப்பாக்கி ஆட்டம். முதலாவது டென்னிஸ். இரண்டும் நான் வேலை செய்த மதாம் வீட்டில் இருந்தவை.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் எஜமானியம்மா என்றால் மதாம், ஐயா என்றால் முசே. மதாம் உப்பளம் பக்கம் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். புருஷன் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து செத்தவர். மகன் பிரான்சில். நான் அந்த வீட்டிலேயே தங்கிச் சமையல், துணி, பெருக்கல் எல்லாம் பார்த்தேன். எழுபதுகளின் கடைசியில் மகன் கப்பலில் ஒரு டி.வி. அனுப்பினார். தெருவே வந்து பார்த்தது. மாடியில் கம்பம் நட்டு ஏரியல் கட்டினார்கள். படம் வரவில்லை. கோடு கோடாக ஓடியது. பிரான்சில் ஒளிபரப்பும் முறை வேறு, மெட்ராசில் வேறு. அந்த டி.வி. இந்த ஊருக்கு ஆகாது. மகனுக்கு அது தெரியவில்லை. மதாமுக்கு யார் சொன்னாலும் ஏறவில்லை.

"மெட்ராஸ்காரனுக்கு அனுப்பத் தெரியல" என்று எல்லாரிடமும் சொன்னார்.

டி.வி.யோடு ஆட்டப் பெட்டி ஒன்றும் வந்திருந்தது. அது மட்டும் அந்த டி.வி.யில் வேலை செய்தது. துப்பாக்கி ஆட்டத்தில் வெள்ளைக் கட்டம் ஒன்று ஓடும். பெட்டியோடு வந்த பொம்மைத் துப்பாக்கியால் அதைச் சுட வேண்டும். மதாம் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆள் வைத்துச் சுடுவார். இது மாடி வீட்டுக்காரி. இது என் நாத்தனார். இது பங்கு சாமியார். நான் மனசுக்குள் ஆள் வைப்பேன். யாரென்று சொல்லமாட்டேன்.

டென்னிசுக்கு இரண்டு பேர் வேண்டும். வீட்டில் இரண்டாவது ஆள் நான்தான். அவர் நாற்காலியில், நான் தரையில். இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, நடுவில் புள்ளி. கோடுதான் மட்டை, புள்ளிதான் பந்து. ஆளுக்கு ஒரு பிடி, அதைத் திருகினால் கோடு மேலும் கீழும் நகரும். பதினைந்து எடுத்தவருக்கு ஜெயம். பெட்டியின் பின்னால் ஒரு சுவிட்ச் இருந்தது. தள்ளினால் ஒருவர் மட்டை பாதியாகிவிடும். என் மட்டை முதல் நாளிலிருந்தே பாதி.

இரண்டாம் நாள் பாதி மட்டையிலேயே ஜெயித்தேன். அன்று சாயங்காலம் எனக்குக் காப்பி இல்லை. மூன்றாம் நாளும் ஜெயித்தேன். கழுவிய முற்றத்தை மறுபடி கழுவச் சொன்னார். நாலாம் நாளிலிருந்து தோற்றேன்.

தோற்பது லேசு என்று நினைக்கக் கூடாது. ரொம்ப மோசமாகத் தோற்றால் அவருக்குச் சலித்துவிடும், வேறு வேலை ஏவுவார். பன்னிரண்டு வரை வர வேண்டும். பந்து மட்டையின் நுனியை ஒட்டித் தப்ப வேண்டும். நான் "ச்சே" என்று சொல்ல வேண்டும். அப்போது அவர் கைதட்டுவார். இரண்டு வருஷம் அப்படி ஓடியது.

மாதம் ஒருமுறை என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பகல் காட்சிக்குப் போவார். இரண்டு பேருக்கும் கதாநாயகனைப் பிடிக்காது. வில்லனுக்காகத்தான் போவோம். ரிக்‌ஷாவில் திரும்பும்போது எவன் பெரியவன் என்று தர்க்கம்.

மதாமுக்கு முதலாவது ஒரு கடத்தல்காரன். கடலோரம் பங்களா வைத்திருப்பான், எதற்கும் சிரிப்பான். "ஷூவப் பாருடி, ஒரு அழுக்கு இல்ல" என்பார். எனக்கு அவன் நாலாவது. சிரித்துக்கொண்டே இருந்தால் வேலை ஓடாது. மூன்றாவது, தேயிலைத் தோட்டத்து முதலாளி. நாய்க்குத் தட்டில் சோறு போட்டு, அது தின்று முடிக்கும்வரை ஆளை அடிக்கவிடமாட்டான். நாய் பயப்படுமாம். இரண்டாவது ஒரு டாக்டர். ஊசி போட்டுக் கொல்வதற்கு முன்னால் "சாப்ட்டியா?" என்று கேட்பான். பதில் வரும்வரை காத்திருப்பான். முதலாவது ஒரு மாமியார். கை ஓங்கவே மாட்டாள். மருமகள் பசியில் கிடப்பாள். இவள் அரிசிப் பானையின் மேல் உட்கார்ந்து, வந்தவர்களிடம் மருமகளைப் புகழ்வாள்.

"பொம்பள எல்லாம் ஒரு வில்லனா?" என்று மதாம் கேட்டார்.

"அவதான் மதாம் கெட்டி. மத்தவங்க எல்லாரையும் கடைசில போலீஸ் புடிக்குது."



இனி அந்த நாள். சித்திரை வெயில். மதியம் பன்னிரண்டுக்குக் கடைகள் சாத்தினால் மூன்று மணி வரை எங்கள் ஊர் தூங்கும். மதாம் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். தூங்கமாட்டார். அதுதான் ஆட்ட நேரம். ஆட்டம் நடுவில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா புருஷன், சைக்கிளோடு.

"அம்மா பூட்சிம்மா" என்றார். "காலைலயே. ஆள் கெடைக்கல, நானே வந்தேன். வெயிலு, வைக்க முடியாது. ரெண்டு மணிக்கு எடுக்குறாங்க. சீக்கிரம் வா."

எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வீட்டிலிருந்து எடுப்பதற்குள் போனால்தான் முகம் பார்க்கலாம், வாய்க்கரிசி போடலாம். அம்மா வீடு ஊரின் அந்தப் பக்கம், சாரத்தில். சைக்கிளில் போனால் நேரம் இருந்தது.

"மதாம், எங்கம்மா செத்துட்டாங்க. சாவி குடுங்க."

அவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "செத்தவ எங்க ஓடப் போறா? ஆட்டத்த முடி. ஜெயிச்சிட்டுப் போ."

உட்கார்ந்தேன். அப்போது அவர் ஒன்பது, நான் ஏழு. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் விடவில்லை. பதினைந்து எடுத்துவிட்டு எழுந்தேன்.

மதாம் திரும்பி என்னைப் பார்த்தார். 

"இத்தன நாளா வேணும்னே தோத்தியா?"

"சாவி, மதாம்."

"நெசமா ஆடு. நான் பாக்கணும். உக்காரு."

உட்கார்ந்தேன். அவரை ஜெயிக்கவிட்டால் போதும் என்றால் விட்டிருப்பேன். இனிமேல் விட்டால் அவருக்குத் தெரியும். மறுபடியும் ஜெயித்தேன். "இன்னொண்ணு" என்றார்.

வெளியே அக்கா புருஷன் கதவை உலுக்கினார். "வர்றியா இல்லியா? அங்க பாடை கட்டியாச்சி!"

"யார்ரா அது? தூங்குற நேரத்துல கத்துறவன்?" என்று மதாம் கத்தினார்.

நான் முக்காலியைத் தூக்கினேன். "மதாம், சொல்லிட்டுச் செய்றேன். சாவி குடுக்கலன்னா டி.வி.ய ஒடச்சிடுவேன்."

"ஒடை" என்றார். குரல் ஏறவில்லை. "எம்புள்ள வேற அனுப்புவான். ஒனக்கு வேற அம்மாவ யார் அனுப்புவா?"

சாவியைப் பிடுங்கியிருக்கலாமே என்று பிறகு பல பேர் கேட்டார்கள். வேலைக்காரி மதாமின் இடுப்பில் கை வைத்தாள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் எங்கே இருந்திருப்பேன் என்று அவர்கள் கேட்கவில்லை.

முக்காலியைக் கீழே வைத்தேன். மூன்றாவது ஆட்டத்தை ஆடினேன். சீக்கிரம் முடிக்க ஒரே வழிதான் இருந்தது. ஒரு பந்துகூட அவருக்குப் போகவிடவில்லை. எனக்குப் பதினைந்து, அவருக்கு முட்டை.  கடைசிப் பந்தில் அவர் மட்டை அசையவே இல்லை.

சாவியைத் தரையில் எறிந்தார். பொறுக்கிக்கொண்டேன்.

வெளியே அக்கா புருஷன் இல்லை. அவரும் தோள் கொடுக்க வேண்டியவர், காத்திருக்க முடியாது. தெருவில் ரிக்‌ஷாவும் இல்லை. ஓடினேன். எங்கள் தெருமுனையிலேயே பொரி இறைந்து கிடந்தது. பூவும் கிடந்தது. வீட்டு வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெண்கள் குழாயடியில் தலைமுழுகிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கடி இருந்தே?" என்றாள் அக்கா.

"ஆடிக்கிட்டிருந்தேன்."

ஈரக்கையால் அறைந்தாள். நானும் தலைமுழுகினேன்.

காரியம் முடிந்ததும் மதாம் ஆள் அனுப்பினார். போனேன். அக்கா அவள் வீட்டில் என்னைச் சேர்க்கவில்லை, எனக்கு வேறு இடம் இல்லை. மதாம் துக்கம் கேட்கவில்லை. மத்தியானம் பெட்டியை எடுத்து வைத்தார். என் மட்டையைப் பாதியாக்கினார்.

அன்று ஜெயித்தேன். மறுநாளும். காப்பி நின்றது. தண்ணீர் குடித்தேன். முற்றத்தை இரண்டு முறை கழுவினேன். ஜெயித்தேன். அவர் காலையில் தனியாக உட்கார்ந்து பழகினார். மூட்டு வீங்கியது. விரலில் தைலம் தேய்த்துக்கொண்டு வந்தார். தேய்த்துவிட்டதும் நான்தான். தேய்த்துவிட்டு ஜெயித்தேன். வேறு ஆள் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. அவருக்கு என்னைத்தான் ஜெயிக்க வேண்டும்.

மூன்று வருஷம் கழித்து, எழுந்து உட்கார முடியாத நிலையில், "ஒண்ணே ஒண்ணுடி" என்றார். தலையணை வைத்து நிமிர்த்தினேன். கையில் பிடியைக் கொடுத்தேன். அதையும் நானே ஜெயித்தேன். இதற்காகத்தான் டென்னிஸ் முதலாவது.

மதாம் செத்தபோது மகன் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். ஐஸ் கட்டி வாங்கி அடுக்கி உடலை வைத்திருந்தோம். உருகிய தண்ணீரை நான்தான் துடைத்துக்கொண்டே இருந்தேன். மகன் வந்தார். அம்மா முகத்தை நன்றாகப் பார்த்தார், தொட்டார், முத்தம் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"அம்மா லெட்டர்ல எழுதுவாங்க. தெனம் ஒங்கள ஜெயிக்கிறேன்னு. அந்தப் பொட்டிய அனுப்பினதுதான் நான் செஞ்ச ஒரே நல்ல காரியம்." அழுதார்.

"பொய் எழுதியிருக்காங்க முசே" என்றேன். "நெசமா ஒரு தடவகூட அவங்க ஜெயிச்சதில்ல."

துணியைப் பிழிந்துவிட்டு மறுபடி துடைக்கக் குனிந்தேன்.