ஒன்பதாவது ரீலில் பழைய பாலம்

எங்கள் தியேட்டரில் முதலாளி ஆபரேட்டர் ரூமுக்கு ஏறி வருவது கிடையாது. படி செங்குத்து, அவருக்கு முழங்கால் வலி. எண்பதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, மேட்னி விட்டதும் ஏறி வந்தார். அவர் பின்னாலேயே கவர்மென்ட் ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டரும் வந்தார். நான் புரொஜெக்டர் விளக்கில் எரிந்து தீர்ந்த கார்பன் துண்டுகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“மாதப்பா, ஒம்போதாவது ரீல்ல என்னா ஓட்டுன?” என்றார் முதலாளி.

ஒன்பதாவது ரீலைத்தான் ஓட்டினேன் என்றேன்.

“சிஸ்டர் வேற மாதிரி சொல்றாங்க.”

அரூரில் அந்தத் தியேட்டருக்கு நான் ஆபரேட்டர் ஆனதே, எனக்கு முன்னால் இருந்தவர் வேலை போய்த்தான். பாட்டுச் சீன்களை வெட்டி வேறொரு டூரிங் டாக்கீஸுக்குக் கொடுத்துவிட்டார். சேலத்து விநியோகஸ்தர் அதற்குப் பிறகு பல மாதம் எங்களுக்குப் புதுப் பிரின்ட் தரவில்லை. ஆபரேட்டர் ரூமில் கத்தரிக்கோலைப் பார்த்தாலே முதலாளிக்கு முகம் மாறும்.

சிஸ்டர் சொன்னது இன்னதென்று புரிய, அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது டப்பிங் செய்த வெளிநாட்டுப் படங்கள் இரண்டு வரிசையாக எங்களுக்கு வந்துகொண்டிருந்தன. ஒன்று, வேறு கிரகத்திலிருந்து வந்த இரும்பு வீரன் படங்கள். மற்றொன்று, பனிமலைக்குள்ளிருந்து எழுந்து வரும் மிருகத்தின் படங்கள். அதை எங்கள் ஊரில் பனிப்பூதம் என்றார்கள். இரண்டிலும் மும்மூன்று படம் ஓடி முடிந்திருந்தது. ஏழாவதாக வந்த இந்தப் படத்தில்தான் இரண்டும் நேருக்கு நேர் மோதுவதாகப் போஸ்டர் போட்டிருந்தார்கள்.

ஸ்டெல்லா சிஸ்டர் மொரப்பூர் பக்கத்துக் கிறிஸ்தவ விவசாயக் குடும்பத்துப் பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆறு படங்களையும் பார்த்தவர், சிலதை இரண்டு தரம். மற்ற நர்சுகள் குடும்பப் படத்துக்கு வருவார்கள், இவர் இதற்கு மட்டும் வருவார். ஒருமுறை நான் அவசரத்தில் ஐந்தாவது ரீலுக்கு முன்னால் ஆறாவது ரீலைப் போட்டுவிட்டேன். தியேட்டரில் ஒருவரும் கவனிக்கவில்லை. வெளியே போகும்போது இவர் மட்டும் டிக்கெட் கவுன்டரில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் அவர் பார்த்தது தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தப் படத்தின் முதல் மேட்னிக்கு வருவதற்காக அந்த வாரம் முழுக்க நைட் டூட்டியை இவர் ஏற்றுக்கொண்டாராம்.

சத்தம் போடாமல்தான் பேசினார்.

“பூதம் பாலத்த ஒடைக்கிற சீனுங்கண்ணா. மொதப் படத்துல ஒரு சோல்ஜருக்கு அடிபட்டது வலது கையில, ஸ்லிங்கு கட்டியிருந்தது எடது கையில. அதப் பாத்து நான் அப்பவே சிரிச்சேன். இன்னிக்கும் அதே ஆளு, அதே கட்டு. பழைய ரீலு உள்ள வந்திருக்குது. அப்படின்னா புது ரீலு எங்கீங்க?”

இரும்பு வீரனும் பூதமும் சண்டை போட்டது கடைசி ரீலில், அதுவும் புகைக்குள்ளே. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் வர வேண்டிய பெரிய சண்டையை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். யாரோ என்றால் நான்தான்.

ஆபரேட்டர் படத்தைப் பார்க்கிறான் என்று வெளியில் நினைப்பார்கள். கார்பன் குச்சிகள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி சரியாக இருக்கிறதா, திரையின் மூலையில் ரீல் மாற்றும் புள்ளி வந்துவிட்டதா, இதைத்தான் பார்ப்போம். கதையில் யார் செத்தார் என்று கேட்டால் விழிப்போம். இந்தப் படத்துக்காக நானும்தான் ஆசையாகக் காத்திருந்தேன். அப்படியும் அந்தப் பாலம் என் கண்ணில் படவில்லை.

முதலாளியின் தாயாருக்கு மாதக்கணக்கில் ஊசி போட்டவர் சிஸ்டர். அவர் பேச்சுக்கு எதிராக என் பேச்சு நிற்காது. “நாளைக்குக் காலையில ரீலைப் பிரிச்சு சிஸ்டருக்குக் காட்டு. வெட்டியிருந்தீன்னா மேட்னிக்கு நீ வர வேணாம்” என்று சொல்லிவிட்டு முதலாளி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் காலை சிஸ்டர் டூட்டி முடிந்து யூனிபாரத்தோடே வந்தார். கண் சிவந்திருந்தது. முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். நான் ஒன்பதாம் நம்பர் டப்பாவைத் திறந்து ரீலைப் பிலிம் சுற்றும் ரீவைண்டரில் மாட்டி, அடியில் லைட்டைப் போட்டேன்.

இடையில் வேறு பிலிமைச் சேர்த்தால் ஜாயின்ட் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டுவதால் அந்த இடம் தடிக்கும், விரலை ஓரத்தில் வைத்தாலே தெரியும். இதைச் சொல்லி, ஓரிடத்தில் அறுந்து நானே ஒட்டியிருந்த ஜாயின்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பிறகு மெதுவாகச் சுற்றினேன். விஞ்ஞானியின் ஆபீஸ் வந்தது. அடுத்த கட்டத்தில் பாலம். நடுவே ஒட்டு இல்லை. பிலிம் வழவழவென்று போனது.

சிஸ்டர் என்னை நகரச் சொல்லிவிட்டு, தானே கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். ஒருமுறை பின்னால் கொண்டுபோய் மறுபடியும் முன்னால் கொண்டுவந்தார். லென்ஸை வைத்து ஸ்லிங் கட்டிய சோல்ஜரைப் பார்த்தார். ஆறாவது ரீலையும் ஏழாவதையும் கேட்டார். அவற்றிலும் பனிமலைச் சீன்கள் பழையவைதான். அங்கேயும் ஒட்டு இல்லை.

“அப்ப படம் எடுத்தவங்களே இப்படித்தான் எடுத்தாங்களா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். பழைய படத்திலிருந்து எடுத்துச் சேர்த்து, மொத்தமாகப் பிரின்ட் போட்டிருக்கிறார்கள் என்று விளக்கினேன். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றேன். அப்படியும் போகாமல் அந்த டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“நீங்க வெட்டியிருந்தாக்கூட தேவலைங்கண்ணா. நல்ல சண்ட எங்கியோ ஒரு டப்பாவுல இருக்குதுன்னு நெனச்சுட்டு இருந்திருப்பேன்.”

எனக்கு வேலை தப்பிய நிம்மதி வர வேண்டும். அது வரவில்லை. அவர் சொன்ன பிறகுதான், நானும் ஏமாந்த ஆள்தான் என்று உறைத்தது. முதலாளி எழுந்து, “மேட்னிக்கு நேரமாச்சு, கார்பனப் பாரு” என்றார். அவர் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான் இருக்கும்.

படம் இரண்டு வாரம் நன்றாகவே ஓடியது. கடைசிப் புகைச் சண்டைக்கு பெஞ்சு டிக்கெட்டில் விசில் பறந்தது. ஸ்டெல்லா சிஸ்டரைத் தவிர யாரும் குறை சொன்னதாக எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எந்தப் பெட்டி வந்தாலும், முதல் ஷோவுக்கு முன் எல்லா ரீலையும் ரீவைண்டரில் சுற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்து, அந்த இரண்டும் மறுபடி மோதும் படத்தின் பெட்டி வந்தது. சுற்றிப் பார்த்தேன். மூன்று ரீலில் பழைய சீன். வெளியில் மூச்சுவிடாதே, கூட்டம் வராது என்றார் முதலாளி. அந்த வாரம் கையில் கார்பன் பொறி பட்டு, கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்டவர் சிஸ்டர்தான். அவரிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

“மூணு ரீலு பழசுங்க சிஸ்டர். சண்டையும் சுமாருதான். அதுக்காக டூட்டி மாத்தாதீங்க” என்றேன்.

அவர் கட்டை முடித்து, மூன்று நாள் நனைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை முதல் மேட்னிக்கு ஆபரேட்டர் ரூம் துவாரம் வழியாகப் பார்த்தேன். பெண்கள் பகுதியில் சிஸ்டர் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். ஷோ விட்டதும் கீழே இறங்கிப் போய், எல்லாம் சொல்லியும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

“வராம இருக்க முடியலீங்கண்ணா. ஆனா தெரிஞ்சு வந்ததால மனசு ஒடையல” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேகமாகப் போனார்.

தியேட்டர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெட்டியில் என்ன இருக்கிறதோ அதை முதலில் நீங்கள் பாருங்கள். கேட்கிறவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள். படத்தின் மேல் ஆசை உள்ளவர்கள் அதற்காக வராமல் போய்விட மாட்டார்கள்.