மஞ்சள் கோட்டுக்காரர்

எங்கள் கும்மிடிப்பூண்டி ஃபேக்டரியின் சேஃப்டி ஆபீசர் குட்டையானவர், கஞ்சி போட்ட சட்டைக்காரர். ஒவ்வொரு மெஷினைச் சுற்றியும் தரையில் மஞ்சள் கோடு போட்டு வைத்திருப்பார். எவன் ஷூவாவது கோட்டைத் தாண்டினால் போதும், பாய்ந்து வருவார். "அடுத்தவன் எடத்துல இன்னாபா உன் காலு?"

புது மெஷின் பழக அவரையும் என்னையும் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். விமானத்தில் எனக்கு முன்சீட்டில் அவர். அது சீட்டே இல்லை, ஆளை மடித்து வைக்கிற டப்பா. புதுவாயல் போகிற ஷேர் ஆட்டோவில்கூட ஒரு காலை வெளியே நீட்டிக்கொள்ளலாம். விமானம் மேலேறியதும் அவர் பட்டனை அமுக்கிச் சாய்ந்தார். சீட்டின் முதுகு என் முட்டியில் வந்து இறங்கியது.

"சார், கொஞ்சம் நிமுத்துங்க சார். முட்டி நசுங்குது."

"பட்டன் எதுக்கு வச்சிக்கிறான்? நீயும் சாஞ்சிக்கோ."

எனக்குப் பின்னால் ஒரு பெண், மடியில் கைக்குழந்தையோடு. சாய மனம் வரவில்லை.

"சார், மஞ்சக் கோட்டத் தாண்டிட்டீங்க" என்றேன்.

"இங்க ஏதுபா கோடு?" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஜெர்மனி வரைக்கும் அவர் குறட்டை என் மடியில்தான் கிடந்தது. திரும்பி வரும்போதும் அதே கதை.

மறுநாள் நொண்டிக்கொண்டே ஷிஃப்டுக்குப் போனேன். அவர் ஓடி வந்து, குனிந்து, என் முட்டியைத் தொட்டுப் பார்த்தார். "அய்யய்யோ, இன்னாபா நொண்டிக்கினு வர்ற? யாரு இடிச்சது? சொல்லு, அவன உண்டு இல்லன்னு பண்ணிடறேன்."

அந்த முகத்தில் துளி கள்ளம் இல்லை. எனக்கு ஆத்திரமே அதனால்தான்.